மூலைக்கல்லுக்கு நான் அடித்த சுண்ணாம்பு

எங்கள் துறையின் பணியாளர் விளையாட்டு மன்றம் ஆண்டு மலர் போடுகிறதாம். அதற்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும், கூடவே நாங்கள் கோப்பை வாங்கிய அன்று எடுத்த படத்தையும் தர வேண்டும் என்று போன வாரம் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேருமே இப்போது வேலையில் இருக்கும் சர்வேயர்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள், கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து நிற்கிறார்களே, உள்ளே என்ன விஷயம் இருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பொட்டலத்தைத் தொடாமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, "வாங்கி வைங்களேன். அதையும் டேப்பு போட்டு அளக்கப் போறீயளா?" என்று சத்தம் போட்டாள்.

வந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "இப்பல்லாம் சாட்டிலைட்டு கருவியத் தூக்கி வச்சா நிமிசத்துல புள்ளி வந்துருது சார். கல்லத் தேடி அலையுற சோலியே இல்ல. நீங்க அப்பம் சங்கிலியையும் இழுத்துக்கிட்டு மன்றத்தையும் எப்படி நடத்துனீயன்னு எழுதுங்க. ரெண்டையும் அழகா சமாளிச்சீயன்னு எல்லாரும் சொல்லுதாங்க."

எல்லாரும் என்றால் யார், யாரிடம் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சரி, நான் சமாளித்த லட்சணத்தை எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

சந்தேகம் எனக்குப் பிறவியில் வந்தது பாதி, பயிற்சியில் வந்தது பாதி. நில அளவைப் பயிற்சி மூன்று மாதம். சங்கிலி பிடிப்பது, குறுக்கே செங்கோணம் பார்ப்பது, புலப்படம் வரைவது எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். மனசில் நின்றது ஒன்றுதான். நிற்கிற கல்லைப் பார்த்தால், அது நட்ட இடத்தில்தான் நிற்கிறதா என்று முதலில் கேள் என்றார் எங்கள் பயிற்சியாளர். அவர் சொன்னது கல்லைப் பற்றி. நான் அதை மனுஷருக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். டீக்கடையில் யாராவது எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டால், அந்த டீ தொண்டையில் இறங்காது. இந்த ஆளுக்கு எங்கே நிலம், யாரோடு வரப்புத் தகராறு என்று யோசித்துக்கொண்டே குடிப்பேன்.

கோவில்பட்டிக்கு மாறுதல் வந்தபோது, என் குணத்துக்கு ஏற்ற மண் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரிசல் மண் ஒரு நிலையில் இருக்காது. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் ஊதி மேலே வரும். அதில் நட்ட கல் நாலு வருஷத்தில் சாயும், ஆறு வருஷத்தில் அமுங்கும், சிலது படுத்தே விடும். செம்மண் ஊரில் வேலை பார்த்த சர்வேயர் இங்கே வந்தால் முதல் வருஷம் முழுக்க யாரோ கல்லை அசைத்துவிட்டார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார். நான் அந்த முதல் வருஷத்தைத் தாண்டினேன், மண்ணின் சேட்டை எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் பின்னால் சொல்லப்போகிற தப்பைச் செய்தேன்.

கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையைத் தொடாதவன் யார்? எங்கள் அலுவலகத்திலேயே பதினோரு பேர் தேறினார்கள். விளையாட்டு மன்றத்துக்குச் செயலாளர் வேண்டும் என்றபோது எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். ஏன் என்னை என்று ரெண்டு நாள் தூக்கம் இல்லை. பிறகுதான் தெரிந்தது, வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சம்பளம் இல்லாத வேலை, ஞாயிற்றுக்கிழமையைத் தின்கிற வேலை. ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு எனக்கு அதில் ஒரு வெறி வந்துவிட்டது. மனுவோடு வருகிறவன் எல்லாம் எதையோ மறைக்கிறான் என்று வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிற எனக்கு, மைதானத்தில் அந்தப் பதினோரு பேர் மட்டும் நம்முடைய ஆட்கள் என்று தோன்றியது. அவர்களை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மன்றம் ஆரம்பித்த ஆறாவது மாதம், மொட்டைக் கடுதாசி ஒன்று மேலே போனது. சர்வேயர் சங்கரபாண்டி, அதாவது நான், வேலை நேரத்தில் பந்தடிக்கப் போகிறார் என்று. அடேயப்பா, அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு! வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பந்தடிக்கிற பதினோரு பேர் தவிர மற்ற ஒவ்வொருவர் கையெழுத்தையும் கடுதாசியின் நகலோடு ஒப்பிட்டேன். 'ழ'கரத்தை யார் சுழிக்கிறார்கள், யார் இழுக்கிறார்கள் என்று எனக்குத் தனிப் பட்டியலே இருந்தது. தட்டச்சர் அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கடைசிவரை யார் எழுதியது என்று தெரியவில்லை. இன்றைக்கும் கல்யாண வீட்டில் யாராவது மொய் எழுதினால் 'ழ'வைத்தான் பார்க்கிறேன்.

அந்தக் கடுதாசி எங்கள் துணை ஆய்வாளர் செல்வராணி மேடத்தின் மேசைக்கு வந்தது. அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கட்டையான உருவம், சத்தமே இல்லாத பேச்சு. எந்த நிலத்துக்குப் போனாலும் கோப்பைப் பிரிக்கமாட்டார். முதலில் நாலு பக்கமும் ஒரு சுற்று நடப்பார், முள்ளோ சகதியோ பார்க்கமாட்டார். அப்புறம்தான் கோப்பு. கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். நாம் எழுதிய அறிக்கையில் அளவில் வராத வார்த்தை எதுவோ அதைச் சுற்றி மெல்லிசாக ஒரு வட்டம் போடுவார். போட்டுவிட்டுக் கேட்பார்: "இது அளந்ததா, நெனச்சதா?" அவ்வளவுதான். திட்டமாட்டார், முறைக்கமாட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

மொட்டைக் கடுதாசியையும் அப்படித்தான் படித்தார். அதில் பாதிக்கு மேல் வட்டம் விழுந்தது. "அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்றார். "கழுகுமலைல, கோர்ட்டு அளவு மேடம்." நடமாட்டப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார், மூடினார். "மன்ற வேலைக்குப் போனாலும் இதுல எழுதிட்டுப் போங்க. ரெண்டுக்கும் ஒரே நோட்டுதான்" என்றார். அன்றிலிருந்து நான் மைதானத்துக்குப் போவதையும் எழுதினேன். எனக்கு அவரைப் பார்த்தும் சந்தேகம்தான். இவ்வளவு நியாயமாக நடக்கிற மேலதிகாரி எதற்காக நடக்கிறார் என்று.

இப்போது மைதானத்துக்கு வருகிறேன். பசுவந்தனை சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு புறம்போக்கு நிலத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தோம். வெறும் கரிசல். வெடிப்பில் பந்து விழுந்தால் குச்சி விட்டுத்தான் எடுக்க வேண்டும். மண்ணை இறுக்கி மேலே சரள் போட வேண்டும். ரோலருக்கு எங்கே போவது? பக்கத்துப் புஞ்சைக்காரர் சுடலைமுத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பது வயசு இருக்கும், தோளில் கம்பளி, கையில் தொரட்டி. நூற்றைம்பது ஆடு வைத்துக் கிடை போடுகிறவர். அறுப்பு முடிந்ததும் சம்சாரிகள் தங்கள் நிலத்தில் அவர் ஆடுகளை மறித்துக்கொள்வார்கள், புழுக்கை உரமாகும். பசுவந்தனையிலிருந்து நாகலாபுரம் வரை அவருக்கு வாடிக்கை உண்டு.

"ஈரம் காயுறதுக்குள்ள எங்க ஆட்ட ஒரு வாரம் இங்கன நடக்க விடுதேன் சார். கொளம்பு மிதிச்சா மண்ணு கல்லாட்டம் இறுகிரும்" என்றார்.

"அதுக்கு என்ன செய்யணும்?" என்றேன் நான்.

"என்ன செய்யணும்? ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்க வெளாடுங்க, நாங்க பாக்கோம்."

சொன்னபடியே செய்தார். தை மாசம் ஒரு வாரம், நூற்றைம்பது ஆடும் குறுக்கும் நெடுக்கும் நடந்தன. மண் அப்படி இறுகியது. பிள்ளைகள் மாதிரி என் ஆட்கள் குதித்தார்கள். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சும்மா செய்கிறவன் எவன் இருக்கிறான்? சர்வேயரிடம் ஒருநாள் காரியம் இருக்கும், அதற்குத்தான் இப்போதே கயிறு போடுகிறார் என்று எழுதாத குறிப்பாக மனசில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் பயிற்சிக்குத் தண்ணீர் கேன் அனுப்பினார். அதைத் திருப்பியே அனுப்பிவிட்டேன்.

நான் நினைத்த மாதிரியே பங்குனியில் மனு வந்தது. ஆனால் சுடலைமுத்துவிடமிருந்து இல்லை, அண்ணாச்சியிடமிருந்து. கம்பெனி இடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பப் போகிறேன், எல்லை காட்டுங்கள் என்று. அவர் இடமும் சுடலைமுத்துவின் புஞ்சையும் எங்கள் மைதானமும் ஒரு மூலையில் கூடும். அந்த மூலையில் ஒரு கல் இருக்க வேண்டும்.

ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் கொடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். கூட என் புல உதவியாளர் மாரியப்பன். சங்கிலி பிடிக்கிற வேலையில் என்னோடு பதினைந்து வருஷம் இருந்தவன், அணியில் எங்கள் கோல்கீப்பர். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்று பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறு ஆளை வைத்து அளந்தேன். வடக்கே நல்ல நிலையில் இருந்த ரெண்டு கல்லைப் பிடித்து, அவற்றுக்கு நடுவே தூரம் புலப்படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அங்கிருந்து கோடு இழுத்து, செங்கோணம் வைத்து, மூலைப் புள்ளிக்கு வந்தேன். கல் இல்லை. ஓர் அடி தோண்டினேன். இல்லை. ஆனால் அங்கே மண் புதிதாகக் கிளறி மூடியிருந்தது. சுற்றிலும் ஆட்டுக் குளம்புத் தடம்.

"கல்லு எங்க?" என்று சுடலைமுத்துவிடம் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "எனக்கென்ன சார் தெரியும்" என்றார்.

அந்தத் தயக்கம் போதும் எனக்கு. முப்பது வருஷமாகத் தயங்குகிறவர்களைப் பார்த்தவன் ஆயிற்றே! ஆடு விட்டு மைதானம் இறுக்கிக் கொடுத்ததற்கு அர்த்தம் அன்றைக்கு எனக்குச் 'சட்'டென்று விளங்கியது போல இருந்தது. அளவு சரியாகத்தான் வந்தது, எல்லையில் ஒரு குழப்பமும் இல்லை. புள்ளி குறித்துவிட்டு வந்தேன். ஆனால் அறிக்கையின் கடைசி வரியில், 'மேற்படி கல் எதிர்மனுதாரர் சுடலைமுத்து தரப்பால் அகற்றப்பட்டதாகத் தெரிகிறது' என்று எழுதினேன்.

மேடத்தின் பென்சில் நேராக அங்கேதான் போனது. 'தெரிகிறது' மேல் வட்டம். "இது அளந்ததா, நெனச்சதா?"

நினைத்தது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகும்? மறுபடி விசாரணை. பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவரையும் பார்த்து வாக்குமூலம் வாங்க வேண்டும். அவர்கள் ஊரில் இருப்பது சனி, ஞாயிறுதான். அதே சனி, ஞாயிறில் எங்களுக்குப் பயிற்சி. துறைக்குள் நடக்கிற மாவட்டப் போட்டி அந்த வருஷம் எங்கள் மைதானத்தில், பத்தே நாளில். பந்தல், தண்ணீர், மட்டை, நடுவர் எல்லாம் என் தலையில்.

"அளந்ததுதான் மேடம். மண்ணு கிளறியிருந்தது, பாத்தேன்" என்றேன்.

அவர் வட்டத்தை ரப்பரால் அழித்தார். கையெழுத்துப் போட்டார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பயிற்சிக்குப் போனேன்.

அண்ணாச்சி என் அறிக்கையின் நகலை வைத்து, எல்லைக்கல்லைப் பிடுங்கினார் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். சுடலைமுத்துவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போனவர் பொழுதடைய வந்தார். வழக்கு என்று எதுவும் ஆகவில்லை. ஆனால் பேச்சு ஆகிவிட்டது. கிடைக்காரன் பிழைப்பு என்ன? அடுத்தவன் நிலத்தில் தங்குவது. பொழுதிலிருந்து விடியும்வரை அந்த நிலம் அவன் பொறுப்பு. கல்லைப் பிடுங்குகிறவன் என்று பேர் விழுந்தால் எந்தச் சம்சாரி உள்ளே விடுவான்? அதை நான் அப்போது யோசிக்கவே இல்லை. எனக்குப் போட்டி இருந்தது.

இறுதி ஆட்டத்தன்று காலையில் மைதானத்தைச் சுற்றி நட்டிருந்த அடையாளக் கற்களுக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். மூலைக் கொடிக்கு ஓர் எட்டுப் பின்னால் மூலைக்கு ஒன்றாக நாலு கல். ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் கை பழகிக்கொண்டிருந்தபோது ஒரு பந்து வேகமாக வந்து கிழக்கு மூலைக் கல்லில் மோதியது. சுண்ணாம்பு உதிர்ந்தது. மறுபடி அடிக்கலாம் என்று வாளியோடு போய்க் குனிந்தேன்.

அதன் தலையில் வெட்டுக்குறி இருந்தது. மூன்று நிலம் கூடுகிற மூலைக்கென்று போடுகிற பருமனான பழைய கல். வெட்டுக்குறிக்குள் கரிசல் களி காய்ந்து அடைத்திருந்தது. காணவில்லை என்று நான் எழுதிய இடத்திலிருந்து நாற்பது எட்டு இருக்காது. நான் தினமும் அதைத் தாண்டி நடந்திருக்கிறேன். ரெண்டு தடவை அதன்மேல் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டியிருக்கிறேன்.

மாரியப்பனைக் கூப்பிட்டேன். "ஏலே, இந்தக் கல்ல எங்க இருந்து எடுத்த?"

"அதுவா சார்? மாசியில மூலைக்கு ஒரு கல்லு கொறஞ்சுச்சுல்லா. அங்கன வேலியோரம் சாஞ்சு பாதி வெளியில கெடந்துச்சு. போன வருசம் ரோட்டு அளவுக்கு டிராக்டர்ல கல்லு கொண்டாந்தோமே, அதுல விழுந்த மிச்சக் கல்லுன்னு நெனச்சேன். நம்ம கல்லுதானன்னு தூக்கியாந்து நட்டுட்டேன். ஏன் சார்?"

எங்கள் ஆபீசில் வேலை பார்க்கிறவன் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். ஊரில் வேறு எவனும் அந்தக் கல்லைத் தொடப் பயப்படுவான். எங்களுக்கு அது கிட்டங்கியில் குவிந்து கிடக்கிற சாமான்.

பந்தலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். எதிரணி சட்டை மாற்றிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒண்ணுமில்ல, போய் காலுக்குப் பட்டையக் கட்டு" என்று மாரியப்பனிடம் சொல்லிவிட்டு, வாளியில் சுண்ணாம்பு மட்டையை நனைத்து அந்தக் கல்லுக்கு மறுபடியும் சுண்ணாம்பு அடித்தேன். வெட்டுக்குறி மறைகிறவரை ரெண்டு பூச்சு.

அன்றைக்கு ஜெயித்தோம். மாரியப்பன் ரெண்டு நிச்சய கோலைத் தடுத்தான். கூட்டம் கைதட்டியபோது வேலிக்கு அந்தப் பக்கம் சுடலைமுத்துவும் நின்று தட்டினார். போலீஸ் ஸ்டேஷன் போய் வந்த ஐந்தாம் நாள் அது. ஏன் தட்டுகிறார், என்னைக் குத்திக்காட்டத் தட்டுகிறாரோ என்று அப்போதும் என் புத்தி அப்படித்தான் போனது. வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மாரியப்பன் வேலைக்கு ஆபத்து, மைதானம் போய்விடும், மன்றம் சிதறிவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் அறிக்கை பொய்யாகிவிடும் என்பதுதான் முதல் பயம். ஒன்பதாம் நாள் பசுவந்தனை பஸ்ஸில் ஒரு வேலையாகப் போய்க்கொண்டிருந்தேன். சாலையில் ஆட்டுக் கூட்டம் மறித்தது. சுடலைமுத்துவும் அவர் மனைவியும் ஆட்டை ஊர்ப்பக்கமாகத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தலையில் கஞ்சிப்பானை, வலைக்கட்டு, குட்டி அடைக்கிற கூடு எல்லாம் சேர்த்துத் திரும்பி வருகிற கிடை. கண்டக்டர் டிரைவரிடம் சொன்னார்: "கல்லப் புடுங்குன ஆளுல்லா இவரு. பசுவந்தனையில கிடை எறக்க விடமாட்டோம்னு திருப்பி விட்டுட்டாவளாம்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்து, நேரே மேடத்தின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பு அடித்ததையும் சேர்த்து. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அதற்கு முன் அவர் அதை வைத்து நான் பார்த்ததில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"எழுதுங்க. நெனச்சது ஒண்ணும் வேண்டாம்."

எழுதினேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. படித்தார், எங்கேயும் வட்டம் போடவில்லை.

"மைதானம் போயிரும், தெரியும்லா?"

"தெரியும் மேடம்."

"நானும் வட்டத்த அழிச்சேன். அதையும் எழுதி மேல அனுப்புதேன்" என்றார். எழுதியே அனுப்பினார். அவருக்கும் மெமோ வந்தது. அந்த அம்மாவைச் சந்தேகப்பட்டதற்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க முகமும் இல்லை.

எனக்கு ஊதிய உயர்வு நின்றது. மாரியப்பனுக்கு மெமோ. "சொல்லாம நட்டுட்டு வந்திருக்கலாம்லா சார், ஒரு குருவிக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான், கண் கலங்கி. மைதான அனுமதி ரத்தானது. பதினோரு பேரில் எட்டுப் பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். பதவி உயர்வுக்காகத்தான் நல்லவன் வேஷம் போடுகிறேன் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்களாம். அண்ணாச்சி புகாரை வாபஸ் வாங்கினார். "நீங்க எழுதுனதத்தான சார் நான் எழுதுனேன்" என்றார்.

கல்லைப் பழைய இடத்தில் நடப் போனோம். சுடலைமுத்து வந்தார், தள்ளியே நின்றார். நட்டு முடித்து மண் தள்ளிய பிறகு அவரிடம் கேட்டேன்: "அன்னைக்கே ஒமக்குத் தெரியும், அப்படித்தான? ஏன்வே சொல்லல?"

"மாரியப்பன் தோள்ல தூக்கிட்டுப் போனத நான் வேலிக்கிட்ட நின்னு பாத்தேன் சார். ஒங்க ஆளு, ஒங்க மைதானம். நீங்க சொல்லாமலா தூக்குவான்? எம் புஞ்சையில நாலடி சேத்துக்கிடத்தான் கல்ல நகட்டுதியன்னு நெனச்சேன். அப்பம் நீங்களே வந்து கல்லு எங்கன்னு கேக்கிய. ஆத்தாடி, நாடகம்லாம் பலமா இருக்கேன்னு தோணிச்சு. சர்வேயர் மேல யாருகிட்டப் போய்ச் சொல்ல, சர்வேயர்கிட்டயா?"

"பெறவு எதுக்கு எங்க ஆட்டத்துக்கு வந்து கைதட்டுனீரு?"

"ஆட்டம் நல்லாருந்துச்சு" என்றார்.

அவரைக் கூட்டிக்கொண்டு பசுவந்தனைக்குப் போனேன். கிடையைத் திருப்பி அனுப்பிய சம்சாரி வீட்டு வாசலில் நின்று, கல்லை எடுத்தது எங்கள் ஆள், தப்பாக எழுதியது நான், இவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். திருத்தி எழுதிய அறிக்கையின் நகலையும் நீட்டினேன். அவர் உள்ளே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நிதானமாகப் படித்தார். பிறகு கைப்பெட்டியைத் திறந்து, ஊரில் சுற்றிக்கொண்டிருந்த என் பழைய அறிக்கையின் நகலை எடுத்து, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு ஆட்டுக்காரருக்காகச் சர்வேயர் பஸ் ஏறி வந்து சாட்சி சொல்லுதாருன்னா சும்மாவா இருக்கும்?" என்று சுடலைமுத்துவைப் பார்த்தார். "என்ன குடுத்தீரு?" அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இதுவும் ஒங்க கையெழுத்து, இதுவும் ஒங்க கையெழுத்து. எத நான் நம்பட்டும் சார்?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன், வார்த்தைகூட மாறியிருக்காது. சுடலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த வருஷம் அவருக்கு எங்கேயும் கிடை அமையவில்லை. மேய்ச்சலுக்கும் வழியில்லாமல் ஆட்டில் பாதியைச் சந்தையில் விற்றார். அடுத்த வருஷமும் பசுவந்தனைக்காரர் கூப்பிடவில்லை. இப்போது அவரிடம் ஒரு முப்பது உருப்படி இருந்தால் அதிகம். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால், "சொகமா இருக்கீயளா சார்" என்று கேட்கத்தான் செய்கிறார். நானும் சௌக்கியம் என்கிறேன். அவர் எதற்குக் கேட்கிறார் என்று நான் இப்போது யோசிப்பதில்லை.

கேட்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் கோப்பையோடு நிற்பது மாரியப்பன். ஓரத்தில் சிரித்துக்கொண்டு நிற்பது நான், வலது கையில் முழங்கைவரை சுண்ணாம்பு தெரியும். என் காலுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கல் இருக்கிறது. போன தடவை மன்றத்தின் சுவரில் இந்தப் படத்தை மாட்டியவர்கள் ஓரம் அசிங்கமாக இருக்கிறதென்று அதை வெட்டிவிட்டார்கள். மலரில் போடுவதானால் வெட்டாமல் போடுங்கள். கீழே பேர் போடும்போது, பதினோரு பேருக்கும் எனக்கும் போட்ட பிறகு, அந்தக் கல் சுடலைமுத்துவின் புஞ்சைக்கல் என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.